இரவல் தர முடியாத பெட்டி

இலக்கியம் படிக்கிறவர்களுக்கும் விளையாட்டுப் பெட்டிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் நண்பர்கள் எங்களுக்கு உண்டு. அவர்களுக்கு எங்கள் பதில் ஒன்றே: நாளை புத்தகத்துக்கு நேரவிருப்பது இன்று இந்தப் பெட்டிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளை அடுத்தவருக்குக் கொடுக்கலாமா கூடாதா என்பதே வழக்கு. அந்த வழக்கில் வாசகர்களும் ஒரு தரப்பினர்தாம்.

அடுத்த தலைமுறைக் கன்சோல்களைப் பற்றிய பேச்சு 2025இலேயே சூடுபிடித்துவிட்டது. அந்த ஆண்டு ஜூனில் மைக்ரோசாஃப்ட் தன் வருங்கால எக்ஸ்பாக்ஸுக்கான சில்லுகளை ஏஎம்டி நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்போவதாக அறிவித்தது. அக்டோபரில் சோனியின் கன்சோல் வடிவமைப்பாளர் மார்க் செர்னி, அதே ஏஎம்டியின் அதிகாரி ஒருவரோடு அமர்ந்து, சில ஆண்டுகளில் வரவிருக்கும் பெட்டி ஒளியையும் நிழலையும் எப்படிக் கணக்கிடும் என்று விளக்கினார். அன்றுமுதல் நம் இளைஞர்களின் பேச்செல்லாம் டெராஃப்ளாப், ரே டிரேசிங், நினைவகத்தின் அளவு என்றே போகிறது. எதிர்பார்ப்புகளின் பட்டியல் நாளுக்கு நாள் நீள்கிறது. அதில் ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலும் காணோம்: அந்தப் பெட்டியில் வட்டு நுழைய ஒரு வாய் இருக்குமா?

இந்தக் கேள்வி சென்னைக்கும் பெங்களூருவுக்கும் அற்பமாகத் தோன்றலாம். சேலம் நாமக்கல் சமவெளியில் இருப்பவர்களுக்கு அப்படித் தோன்ற வழியில்லை. இங்கே இந்தப் பெட்டிகள் வந்த வழி அத்தகையது. நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமை எங்களில் எவரும் கண்டதில்லை. கண்டதெல்லாம் அதன் போலிகளை. ‘டிவி கேம்’ என்பதே அதற்கு இங்கு வழங்கிய பெயர். கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். தெருவுக்கு ஒரு பெட்டி, நான்கு வீட்டுக்கு ஒரு கேசட் என்பதே கணக்கு. மாரியோ ஒரு வீட்டில் காலையிலும் இன்னொரு வீட்டில் மாலையிலும் குதித்தான். 2006இல் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது அந்தப் போலிப் பெட்டிகளுக்குப் புதிய திரைகள் கிடைத்தன. 2011இல் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அரசு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது ஆட்டங்கள் பென் டிரைவில் ஊர் விட்டு ஊர் போயின. இடையில் பிளேஸ்டேஷன் 2 வந்தது. உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்ற அந்தப் பெட்டியை இங்கே பலர் தம் வீட்டில் கண்டதில்லை. மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடும் கடைகளில்தான் கண்டார்கள்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பாட நாங்கள் வரவில்லை. அதில் திருட்டு நிறைய இருந்தது. நகலெடுத்த வட்டுகள் நடைபாதையில் கிடைத்தன. வாங்கியவர்களில் நாங்களும் உண்டு. எனினும் அந்தத் திருட்டின் நடுவே முற்றிலும் நேர்மையான ஒரு பழக்கமும் இருந்தது. ஒருவர் வாங்கியதை இன்னொருவர் இரவல் கேட்பதும், ஆடி முடித்ததைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதும், அந்தக் காசில் அடுத்ததை வாங்குவதுமே அப்பழக்கம். வாங்கும் சக்தி குறைந்த ஊர்களில் கலை பரவியது அந்த வழியில்தான்.

இந்தச் சமவெளிக்கு அது புதிதும் அன்று. நாமக்கல்லுக்கு லாரி சேஸிஸாக வந்து சேரும். பட்டறையில் அதற்குப் பாடி கட்டுவார்கள். பத்து ஆண்டு ஓடியபின் அதை ஒருவர் வாங்குவார், மீண்டும் பாடி கட்டுவார், வேறு சரக்குக்கு ஓட்டுவார். செய்த நிறுவனத்திடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. விற்றவனுக்கு வண்டியின் மேலிருந்த உரிமை, வாங்கியவன் பணம் கொடுத்த நாளோடு முடிந்தது. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் இந்தியாவெங்கும் போய்த் துளையிடுவதும் அந்த நம்பிக்கையில்தான். பழைய வண்டியை விற்க முடியாது, உடன்பிறந்தவருக்கு ஓட்டக் கொடுக்க முடியாது, நிறுவனம் மூடினால் எஞ்சினும் நிற்கும் என்று ஒருவர் இங்கே லாரி விற்க வந்தால், அவரைத் தேநீர் கொடுத்து வழியனுப்பிவிடுவார்கள். விளையாட்டுப் பெட்டிக்காரர்கள் அதே நிபந்தனைகளோடு வருகிறார்கள். நாம் வரிசையில் நின்று வரவேற்கிறோம்.

இது ஒரே நாளில் வந்ததன்று. 2013 ஜூனில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு இரண்டு நிபந்தனைகளை விதித்தது: 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்டி இணையத்தில் தலைகாட்ட வேண்டும், பழைய வட்டுகளைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. உலகமே கொதித்தது. சோனி அதைக் கேலி செய்து ஒரு சிறு காணொளி வெளியிட்டது. ஒருவர் மற்றவர் கையில் வட்டைக் கொடுக்கிறார். நன்றி சொல்லி அவர் வாங்கிக்கொள்கிறார். பிளேஸ்டேஷன் 4இல் ஆட்டத்தைப் பகிரும் முறை இதுவே என்று முடிகிறது. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. கேலி செய்த அதே சோனி 2020இல் பிளேஸ்டேஷன் 5இன் வட்டில்லா வடிவத்தைக் கொண்டுவந்தது. 2024 நவம்பரில் விலை கூடிய புரோ வடிவத்தை வட்டு வாய் இல்லாமலே விற்றது. வாய் வேண்டுமென்றால் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். 2025 ஜூனில் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2இன் பல அட்டைகளில் ஆட்டமே இல்லை. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள அனுமதிக்கும் சாவி மட்டுமே இருக்கிறது. 2013இல் கூச்சலிட்டுத் தடுத்த ஒன்றை அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் தவணை முறையில் ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

வாயில்லாப் பெட்டி மலிவுதானே என்பார்கள். கணக்கைப் பார்ப்போம். 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது வட்டுள்ள வடிவம் 49,990 ரூபாய். இல்லாதது 39,990 ரூபாய். வித்தியாசம் 10,000. அப்போது ஒரு புதிய பெரிய ஆட்டத்தின் விலை 4,999 ரூபாய். ஆடி முடித்த வட்டைப் பாதி விலைக்கு விற்றாலும் நான்கு வட்டுகளில் அந்தப் பத்தாயிரம் கைக்கு வந்துவிடும். ஐந்தாவது வட்டிலிருந்து, மலிவுப் பெட்டி வாங்கியவர் ஒவ்வொரு முறையும் நட்டப்படுகிறார். இன்னொருவர் ஆடிய வட்டை வாங்கும் வாய்ப்பும் அவருக்கு இல்லை. ஒரே கடை, ஒரே விலை, ஒரே முதலாளி. வசதியுள்ளவருக்கு இது தெரியாது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆண்டுக்கு இரண்டு ஆட்டம் வாங்கும் குமாரபாளையத்து விசைத்தறித் தொழிலாளியின் மகனுக்குத் தெரியும்.

வாசகர்களுக்கு இனித் தனியாகச் சொல்ல வேண்டுமா? 2009 ஜூலையில், அமெரிக்காவில் கிண்டில் கருவி வைத்திருந்த பலரிடமிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ காணாமல் போனது. அந்தப் பதிப்பை வெளியிட்டவருக்கு உரிமை இல்லை என்று அமேசான் அதைத் தொலைவிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தது. பிறகு மன்னிப்பும் கேட்டது. அழிந்தது எந்த நூல் என்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாம் மறந்துவிட்டோம். 2024 மார்ச் இறுதியில் யூபிசாஃப்ட் ‘தி க்ரூ’ என்ற பந்தய ஆட்டத்தின் சேவையகங்களை நிறுத்தியது. வட்டைக் காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அன்றோடு அது வெறும் பிளாஸ்டிக். அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் நிறைவேறியது: இணையக் கடைகள் விற்பது பொருளையன்று, உரிமத்தையே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சட்டம் எழுதித்தான் அந்த உண்மையைச் சொல்லவைக்க வேண்டியிருந்தது.

எங்களை மறுப்பவர்களில் இரு சாரார் உண்டு. முதல் சாரார் பெரியவர்கள். பெட்டியே வேண்டாம், பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்பது அவர்கள் கட்சி. நாமக்கல் வட்டாரத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். பிள்ளைகளை விடுதிகளில் அடைத்து, விடியுமுன் எழுப்பி, பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஊட்டி, மாநில முதலிடங்களை அறுவடை செய்த பள்ளிகளுக்குப் பெயர்போன ஊர் இது. 2017இல் அந்த முதலிடப் பட்டியலையே அரசு நிறுத்த வேண்டிவந்தது. அந்த விடுதிகளில் எந்தப் பெட்டியும் இருக்கவில்லை, புத்தகமும் இருக்கவில்லை. விளையாட்டைத் தடுத்த இடத்தில் வாசிப்பு வளர்ந்ததாக எங்களுக்குத் தெரியவில்லை. பணம் கட்டி ஆடும் இணையச் சூதாட்டத்தையும் இந்தப் பெட்டியையும் ஒன்றாகப் பேசுவதும் தவறு. சூதைத் தடுக்க மாநிலம் 2023இலும் மத்திய அரசு 2025இலும் சட்டம் செய்தன. அது வேறு நோய்.

இரண்டாம் சாரார் எங்கள் இளைய நண்பர்கள். அவர்கள் வாதங்களில் வலு உண்டு. இன்றைய வட்டில் இருப்பது பாதி ஆட்டம்தான், மீதியை இணையத்திலிருந்து இறக்கத்தான் வேண்டும் என்கிறார்கள். பல வட்டுகளைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் பாதிச் சோறு போடுகிறார்கள் என்பதற்காக இலையையே எடுத்துவிடச் சொல்வதில்லை நாம். இரண்டாவது வாதம் இன்னும் கனமானது: இணையக் கடை இல்லாவிட்டால் சிறிய படைப்பாளிகள் எழவே முடியாது. இதை நாங்கள் முழுமையாக ஏற்கிறோம். டொராண்டோவில் ஒரு சிறு குழு உருவாக்கி 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் கதை. சிதைந்துபோன ஒரு சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லி அவிக்க வேண்டும். அதற்குள் மகன் மொழியிலிருந்து விலகிப்போகிறான். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதற்கு முதல் படைப்புக்கான விருதை அளித்தது. இணையக் கடைகளின் வழியேதான் அது உலகெங்கும் போய்ச் சேர்ந்தது.

ஆகவே இணையக் கடையை மூடச் சொல்வது எங்கள் கட்சியன்று. அங்கே வாங்கியதையும் கைமாற்றும் வழி வேண்டும் என்கிறோம். நான் உனக்குத் தந்தால் என் பெட்டியிலிருந்து நீங்கி உன் பெட்டிக்கு வரட்டும். தொழில்நுட்பத்தால் இயலாத காரியமா இது? ஒளியின் ஒவ்வொரு கதிரையும் கணக்கிடத் தெரிந்தவர்களுக்கு ஓர் உரிமத்தைப் பெயர் மாற்றத் தெரியாது என்பதை நாங்கள் நம்பமாட்டோம். இரவல் கொடுத்தால் படைப்பாளி பட்டினி கிடப்பார் என்பதையும் நம்பமாட்டோம். விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவதான பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் தமிழில் புத்தகங்கள் பெருகின. இரவல் வாங்கிப் படித்தவர்தான் பின்னாளில் விலை கொடுத்து வாங்குகிறவராகிறார்.

எதிர்பார்ப்பு என்று பேச வந்தால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெட்டி முறையாக நம்மிடம் வரட்டும். புனேயில் உருவான ‘ராஜி’ 2020 ஆகஸ்டில் முதலில் வெளியானது நிண்டெண்டோ ஸ்விட்சில். அந்தப் பெட்டியை நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்கவே இல்லை. பிளேஸ்டேஷன் 5 புரோ வெளியானபோது இங்கே வரவில்லை. அதன் வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைகளில் ஒன்று அப்போது இந்தியாவில் அனுமதிக்கப்பட்டிருக்கவில்லை. முறையான சந்தை இல்லாத இடத்தில் கள்ளச் சந்தை இருக்கும். பிறகு இந்தியர்கள் திருடர்கள் என்ற பழியும் இருக்கும்.

அயல்நாட்டு எந்திரம் நமக்கு அந்நியம் என்ற பேச்சும் இந்த மண்ணில் எடுபடாது. திருச்செங்கோட்டில் பிறந்த டி. ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கியபோது கேமரா வெளியிலிருந்துதான் வந்தது. 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் இங்கிருந்து வெளியானது. எந்திரம் கைக்கு எட்டினால் கதையை நாம் செய்துகொள்வோம். எட்ட வேண்டும் என்பதே நிபந்தனை. அடுத்த தலைமுறையில் யார் கதை செய்யப்போகிறார் என்பதை, இன்று எந்தச் சிறுவனுக்கு ஆட்டம் இரவல் கிடைத்தது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கும்.

எங்கள் அலமாரிகளிலிருந்து போய்த் திரும்பாத புத்தகங்கள் பல. யாரிடம் இருக்கின்றன என்று சிலவற்றுக்குத் தெரியும், பலவற்றுக்குத் தெரியாது. அந்த நட்டத்தை அறிந்தேதான் கொடுத்தோம். வரவிருக்கும் பெட்டியிலும் அந்த நட்டத்துக்கு ஓர் இடம் வேண்டும். வட்டு வாயோ, அதற்கு ஈடான கைமாற்று உரிமையோ இல்லாமல் அது வருமானால், அதன் ஒளியும் நிழலும் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் நாங்கள் வாங்கப்போவதில்லை. பழைய பெட்டியையே தூசி தட்டி வைத்துக்கொள்வோம். கேட்டு வருபவருக்கு வட்டும் தருவோம்.