கடைசித் தையல் வரை

குன்னூரில் பனிக்காலம் தொடங்குமுன் பேரனுக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னிவிட வேண்டும் என்று அக்காளும் தங்கையுமாகிய நாங்கள் எண்ணினோம். எங்களுள் மூத்தவருக்குக் காசநோய் என்று உறுதியானதும் அதே வாரத்தில்தான். இன்று சட்டையும் முடிந்தது. 6 மாத மருந்தும் முடிந்தது. முடிந்ததுபோல் தோன்றுவது வேறு, முடிவது வேறு என்பதை இரண்டிலும் கண்டோம். அதனையே இங்கு எழுதுகிறோம்.

நாங்கள் வாங்கியது தானாகவே பட்டை விழும் வண்ண நூல். ஒரே இழையில் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடுத்தடுத்துச் சாயம் ஏற்றப்பட்டிருக்கும். நூலை மாற்றாமல் பின்னிக்கொண்டே போனால் போதும். அகலமான முதுகுப் பகுதியில் ஒரு வரிசைக்கே மிகுந்த நூல் செலவாவதால் பட்டை மெலிதாக விழும்; குறுகிய கைப்பகுதியில் அதே நூல் தடித்த பட்டையாகும். இரு கைகளும் ஒத்திருக்க வேண்டுமானால் இரண்டையும் நிறவரிசையின் ஒரே இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த நிறத்தைக் காணும் ஆவலில் வேலை விரைந்து நடந்தது.

முதுகு, இரு முன்பாகங்கள், இரு கைகள் ஆகிய 5 துண்டுகளும் ஊசியிலிருந்து இறங்கியபோது சட்டை முடிந்துவிட்டதென்று மகிழ்ந்தோம். உண்மையில் முடியவில்லை. துண்டுகளை நனைத்து, அளவுக்கு விரித்து உலர்த்த வேண்டும். பட்டையோடு பட்டை பொருந்துமாறு இணைத்துத் தைக்க வேண்டும். கழுத்துப்பட்டியும் பொத்தான்பட்டியும் பின்ன வேண்டும். தொங்கும் நூல்முனைகளை உட்புறமாகக் கோத்து மறைக்க வேண்டும். ஒட்டக் கத்தரித்துவிட்டால் பின்னல் அவிழத் தொடங்கும். நிறம் மாறும் இன்பம் இவ்வேலைகளில் இல்லை. ஆகவே எங்கள் துண்டுகள் சில வாரங்கள் பெட்டியிலேயே கிடந்தன.

மருந்திலும் அத்தகைய வாரங்கள் வந்தன. எங்களுக்கு எழுதித் தந்தது முதல் 2 மாதம் 4 மருந்துகள், அடுத்த 4 மாதம் 3 மருந்துகள். முதற்கட்டம் முடியுமுன்பே காய்ச்சல் நின்றது, இருமல் அடங்கியது, எடை கூடியது. "நன்றாகத்தானே இருக்கிறேன், இனி எதற்கு மாத்திரை?" என்றார் மூத்தவர். இளையவருக்கு விடை சொல்லத் தெரியவில்லை. செவிலியர் விளக்கினார்: அறிகுறிகள் மறைந்த பின்னும் கிருமிகள் எஞ்சியிருக்கும், இடையில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும், வழக்கமான மருந்துக்கு அடங்காததாகவும் மாறக்கூடும். அன்று மாலை பெட்டியைத் திறந்தோம். நாள்தோறும் மாத்திரை விழுங்கியபின் சிறிது தையல் என்று வகுத்துக்கொண்டோம்.

உடனிருந்து கவனிப்போருக்கு எங்கள் கருத்து இதுவே. நோயாளி நலம் பெறத் தொடங்கும் காலத்தில்தான் உங்கள் துணை மிகுதியும் தேவைப்படுகிறது. சலிப்பைக் கண்டு கடிந்துகொள்ளாதீர்கள், அருகில் அமருங்கள். மாத்திரையால் குமட்டலோ பார்வை மங்கலோ தோன்றினால், தாமாக நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் சொல்லச் செய்யுங்கள். வீட்டிலுள்ள அனைவரும், குறிப்பாகச் சிறு குழந்தைகள், பரிசோதனை செய்துகொள்வது கட்டாயம். எங்கள் பேரனையும் அழைத்து வந்தோம்.

சென்ற வாரம் அவன் அச்சட்டையை அணிந்தான். அவன் பட்டைகளை எண்ணினான். நாங்களோ உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தோம். ஒரு நூல்முனையும் தொங்கவில்லை.