ஒற்றைச் சில்லும் ஓர் இரவு நித்திரையும்

ஒற்றைச் சில்லுச் சைக்கிளில் நாடு நாடாகப் போகிற ஆக்களைப் பற்றிக் கதை வந்தால் எல்லாரும் முதலில் கேட்பது, "விழமாட்டாங்களோ?" என்பதுதான். விழுவார்கள். எழும்பித் திரும்பவும் ஏறுவார்கள். அதைப் பற்றிக் கதைக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு இருக்கிற கேள்வி வேறு: இரவில் எங்கே படுக்கிறார்கள்? அதைவிட முக்கியமாக, யார் படுக்க விடுகிறார்கள்?

எட் பிராற் என்ற ஆங்கிலேயப் பெடியனைப் பலருக்குத் தெரிந்திருக்கும். 2015இல், 19 வயதில், இங்கிலாந்தின் சொமர்செற்றிலிருந்து ஒற்றைச் சில்லில் வெளிக்கிட்டு, உலகைச் சுற்றி 2018இல் வீடு திரும்பினவர். பின்னால் உதவி வாகனம் ஏதும் வரவில்லை. அவருடைய யூரியூப் தொடர் நல்ல தொடர், பாருங்கோ. ஆனால் இப்படிப்பட்ட பயணங்களைப் பற்றி எழுதுகிற எல்லாரும் "தனி ஒருவனாக", "எவருடைய துணையும் இல்லாமல்" என்று எழுதுகிறபோது எனக்குக் கொஞ்சம் இடிக்கும். துணை இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத துணை, அவ்வளவுதான்.

அது விளங்க இந்த வாகனம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேணும். சாதாரண சைக்கிளில் இறக்கத்தில் பெடலை மிதிக்காமல் சும்மா இருந்து வரலாம். ஒற்றைச் சில்லில் அது ஏலாது. பெடல் நேரே சில்லின் அச்சோடு பூட்டியிருக்கும். சில்லு சுற்றினால் காலும் சுற்ற வேணும். கால் நின்றால் சில்லும் நிற்கும், ஆள் முன்னுக்குப் போவார். நெடுந்தூரம் போகிறவர்கள் விரும்பிப் பாவிப்பது 36 அங்குலச் சில்லு. அது ஒரு தரம் சுற்றினால் கிட்டத்தட்ட 2.87 மீற்றர் போகும். அப்படியென்றால் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 348 சுற்று, 60 கிலோமீற்றருக்கு இருபதாயிரத்துக்கு மேல். ஏற்றம், இறக்கம், சமதரை எல்லாத்துக்கும் அதே கணக்கு. உடம்புப் பாரம் முழுக்க ஆசனத்தில்தான் இருக்கும். முதுகில் கூடாரம், நித்திரைப் பை, அரிசி, தண்ணிப் போத்தல் என்று ஏற்ற ஏற்ற அதுவும் அங்கேதான் இறங்கும். எங்கே நோகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே மெதுவாகத்தான் போகலாம். மெதுவாகப் போகிறவனுக்கு ஊர்களுக்கிடையில் தூரம் கூடிவிடும். சுவீடனின் வடக்கே அர்விட்சௌர் என்ற ஊரிலிருந்து யொக்மொக் என்ற ஊருக்கு ரோட்டால் 150 கிலோமீற்றருக்கு மேல். இடையில் காடும் ஏரியும்தான், வீடுகள் அங்கொன்று இங்கொன்று. காரில் போனால் இரண்டு மணித்தியாலம், நடுவில் எங்கேயும் படுக்கத் தேவையில்லை. மூட்டை முடிச்சோடு ஒற்றைச் சில்லில் போனால் இரண்டு, மூன்று நாள். அந்த இரவுகள் எல்லாம் வேற யாரோ ஒருத்தரின் காணியில்தான் கழியும். அது அரசின் காடாகவும் இருக்கலாம், மரக் கம்பனியின் காடாகவும் இருக்கலாம், ஒரு கமக்காரனின் காடாகவும் இருக்கலாம்.

சுவீடனில் அதற்கு ஒரு உரிமை இருக்கிறது. அல்லெமான்ஸ்ரெட்டென் என்பார்கள், 'எல்லாருக்குமான உரிமை' என்று சொல்லலாம். பின்லாந்திலும் நோர்வேயிலும் இதே மாதிரி உண்டு. காணி யாருடையதாக இருந்தாலும், வீட்டு வளவுக்குள்ளும் பயிருக்குள்ளும் போகாமல், காட்டுக்குள் நடக்கலாம், சைக்கிள் ஓடலாம், ஏரியில் குளிக்கலாம், ஒன்றிரண்டு இரவு கூடாரம் அடிக்கலாம். யாரிடமும் கேட்கத் தேவையில்லை, காசு கட்டத் தேவையில்லை. காட்டுப் பழமும் காளானும் பறிக்கலாம். இயந்திர வாகனத்தை ரோட்டை விட்டுக் காட்டுக்குள் விடுவதற்குத்தான் தடை. தொந்தரவு செய்யாதே, நாசமாக்காதே என்பதுதான் நிபந்தனை. பழைய வழக்கமாக வந்தது, 1994இல் அரசியலமைப்பிலும் ஏறிவிட்டது. நெருப்பு மூட்டுகிற விசயம் மட்டும் கொஞ்சம் வேற: பின்லாந்தில் காணிக்காரரின் சம்மதம் வேணும், காய்ச்சல் காலத்தில் காட்டுத்தீ எச்சரிக்கை வந்தால் சம்மதம் இருந்தாலும் மூட்டக்கூடாது.

பின்லாந்தில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் ஏரிகள். குளம் குட்டையையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறார்கள், எண்டாலும் கூடத்தான். இவ்வளவு தண்ணியும் காடும் இருந்தும், "உள்ளே வராதே" என்று பலகை போட்டிருந்தால் அது வெறும் காட்சிதான். ஒற்றைச் சில்லுக்காரரைத் தாங்குவதில் பாதி அவருடைய தொடை என்றால், மீதிப் பாதி இந்த உரிமை.

இதை வாசித்துவிட்டு, "ஆஹா, வெள்ளைக்காரன் நாடு சொர்க்கம்" என்று ஒருத்தரும் கிளம்ப வேண்டாம். இதே உரிமையின் மற்றப் பக்கத்தையும் பார்க்க வேணும். ஒவ்வொரு கோடையிலும் தாய்லாந்துக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆக்கள் சுவீடன், பின்லாந்துக் காடுகளுக்குப் பழம் பறிக்க வருவார்கள். காட்டுப் பழம் எல்லாருக்கும் பொது என்பதால் கம்பனி காட்டுக்காரருக்கு ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. பின்லாந்தில் பல வருடமாக இவர்களைத் தொழிலாளராகவே கணக்கெடுக்கவில்லை. விசாவில் வந்து 'சுயமாகப்' பறித்து விற்கிறவர்கள் என்றுதான் பதிவு. ரிக்கெற், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கடன். 2022இல் பின்லாந்தின் உச்ச நீதிமன்றம் இப்படியான ஒரு வழக்கை மனிதக் கடத்தல் என்றே தீர்ப்பளித்தது. ஒரே காடு, ஒரே உரிமை. ஒருத்தருக்கு அது ஏரிக்கரையில் காலைத் தேநீர். இன்னொருத்தருக்கு அதே காட்டில் விடிய முந்தி எழும்பிக் கடன் அடைக்கிற வேலை.

எங்கட கதை இன்னும் பகிடி. சுவீடனுக்குள் கால் வைத்தால் எந்தக் காட்டிலும் படுக்கலாம், நீ யார் என்று சட்டம் கேட்காது. ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டோடு ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பித்தால், எங்கே தங்கப் போகிறாய் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். "எங்கே இருட்டுதோ அங்கே" என்று எழுதிப் பாருங்கோவன்! 2015இல் பிரித்தானியக் கடவுச்சீட்டோடு வெளிக்கிட்ட எட் பிராற்றுக்கு ஐரோப்பாவில் இந்தக் கேள்வியே இல்லை. அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. கணக்கில் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

எங்களுக்கும் இப்படி ஒரு பயணம் இருக்கிறது, அதைப் பயணம் என்று நாங்கள் யோசிப்பதில்லை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் போகிற பாதயாத்திரை. கிழக்குக் கரையால் வாரக்கணக்காக நடந்து உகந்தைக்கு வந்து, அங்கிருந்து குமண, யால காடுகளுக்குள்ளால போவார்கள். அரிசி, தண்ணி, பாய் எல்லாம் அவரவர் தலையில், தோளில். கும்புக்கன் ஓயாக் கரையில் சமைத்துச் சாப்பிட்டுப் படுப்பார்கள். ஏழெட்டுப் பிள்ளை பெற்ற அம்மம்மாக்களும் அதில் இருப்பார்கள். விலையுயர்ந்த கூடாரம் ஒன்றும் இல்லை. 'சாகசம்' என்ற சொல்லை அவர்களுக்கு யாரும் கொடுப்பதும் இல்லை.

ஆனால் அந்தக் காட்டு வாசல் வருடத்தில் சில நாட்கள்தான் திறக்கும். எந்தத் திகதி திறப்பது, எந்தத் திகதி பூட்டுவது என்று கூட்டம் போட்டு முடிவெடுக்கிறார்கள். பிந்தித் திறந்தால், முந்தி வந்து சேர்ந்த ஆக்கள் உகந்தையில் காத்துக் கிடக்க வேண்டும். அங்கே அது உரிமை, இங்கே அது அனுமதி. அனுமதியைத் தருகிறவர் நினைத்தால் ஒரு கிழமை குறைக்கலாம்.

யானை இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, சுவீடனோடு ஒப்பிடாதே என்று சொல்வீர்கள். சரி, யால காட்டைத் திறந்தபடி விடு என்று நானும் கேட்கவில்லை. யானை வராத ஒரு குளக்கட்டில், ஒரு கடற்கரையில், நாலு கம்பஸ் பிள்ளைகள் கூடாரம் அடித்தால், அதிலும் இரண்டு பேர் பெட்டையள் என்றால், முதலில் யார் வந்து என்ன கேட்பார்கள் என்று யோசித்துப் பாருங்கோ. அடையாள அட்டை கேட்கிற சீருடைக்காரரும் வருவார், "ஆற்ற பிள்ளையள் நீங்கள்?" என்று ஊர்ப் பெரியவரும் வருவார். இரண்டு பேரும் யானையைப் பற்றிக் கேட்கப் போவதில்லை.

இந்த ஆடியில் யாத்திரை போகிறவர்கள் உங்கள் வீடுகளிலும் இருப்பார்கள். திரும்பி வந்ததும் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு விட்டுவிடாமல் இரவுகளைப் பற்றிக் கேளுங்கோ. எங்கே படுத்தவை, யார் இடம் தந்தது, யார் எழுப்பி அனுப்பினது, தண்ணிக்கு எவ்வளவு தூரம் நடந்தவை. கேட்டதை எழுதி வையுங்கோ.