கம்ப்யூட்டர் சித்திரக் கல்வி

யந்திரத் திரையில் சித்திரம் தோற்றுவிக்கும் வித்தையை, சர்வகலாசாலைக் கம்ப்யூட்டர் வகுப்புகளில் எவ்விதம் போதிப்பது என்பது விவாதத்திற்குரிய பிரச்னையாகவே இருந்து வருகிறது. சிலர் இதை வெறும் அலங்காரமெனத் தள்ளுகின்றனர். அமெரிக்காவின் ஏ.சி.எம்., ஐ.இ.இ.இ. சங்கங்கள் 2013-ல் வகுத்த பாடத்திட்டத்தில், அத்தியாவசியமென விதித்த 308 மணி நேரத்தில் இவ்வித்தைக்குக் கிடைத்தது மூன்றே மணி நேரம். வேறு சிலரோ, சந்தையில் வழங்கும் ஒரு கருவியின் கட்டளைகளைப் பழக்கினால் போதுமென்கின்றனர். இவ்விரு கட்சியும் பிசகென்பதே நமது அபிப்பிராயம்.

அமெரிக்காவில் யூட்டா சர்வகலாசாலையின் சரித்திரம் இதற்குச் சான்று. டேவிட் எவன்ஸும், 1968-ல் அவரோடு சேர்ந்த ஐவன் சதர்லண்டும், மாணவர் கையில் ஆயத்தக் கருவியைக் கொடுக்கவில்லை. தீராத பிரச்னைகளைக் கொடுத்தனர். வளைந்த பரப்பின்மீது ஒளி படிவதைக் கணக்கிடும் வழிகளை, பிரெஞ்சுக்காரரான கூரோ 1971-லும், வியட்நாமில் பிறந்த ஃபோங் 1973-லும் கண்டனர். ஒவ்வொரு புள்ளிக்கும் தூரத்தைக் குறித்துவைத்து, முன் நிற்பது எது, மறைவது எது என்று நிர்ணயிக்கும் முறையை 1974-ல் காட்மல் வகுத்தார். பிக்ஸார் ஸ்தாபகர்களில் அவர் ஒருவர். அங்கே பயின்ற ஜிம் கிளார்க், ஸிலிகன் கிராபிக்ஸ் கம்பெனியைத் தோற்றுவித்தார்.

அக்கம்பெனி 1992-ல் வெளியிட்டதே ஓபன்ஜிஎல் என்னும் கருவி. பல சர்வகலாசாலைகள் அதன் கட்டளைகளையே பாடமாக்கின. அவற்றுள் பெரும்பகுதி 2008-ல் வழக்கொழிந்தனவென அறிவிக்கப்பட்டு, 2009-ல் மூல விதியினின்றும் நீக்கப்பட்டது. கட்டளைகளை மட்டும் நெட்டுருச் செய்தவன் கையில் மிஞ்சியது யாது? ஆனால் அணிப் பெருக்கமும், தூரத்துப் பொருள் சிறுத்துத் தோன்றும் கணிதமும், ஒளியின் விதியும் எந்தக் கம்பெனியின் அறிவிப்பாலும் ரத்தாவதில்லை.

ஆகவே, மாணவன் முதலில் எந்தக் கருவியின் துணையுமின்றி ஒரு கோட்டையும், ஒரு முக்கோணத்தையும், நிழலோடு கூடிய ஒரு கோளத்தையும் தன் கணக்கினாலேயே திரையில் எழுப்பட்டும். கருவி பிறகு வரட்டும். இதற்கு விலையுயர்ந்த யந்திரம் தேவையில்லை. சாதாரணக் கம்ப்யூட்டரே போதும். வேண்டுவன கணிதப் பயிற்சியும், பொறுமையுள்ள ஆசிரியருமே. இவ்விரண்டும் நமது தேசத்திற்கு எட்டாதவையா? அன்னியர் ஆக்கிய கருவியை இயக்கிக் கூலி பெறுவதோடு நம் வாலிபர் திருப்தியடையலாகாது. கருவியை ஆக்கும் அறிவை அளிப்பதே சர்வகலாசாலையின் கடமை. அதனை வற்புறுத்திக் கேட்பது நமது கடமை.