நீலகண்டனும் சயாம் மரண ரயிலும்

ஆண்டவன் கருணைக் கடல் என்றால், அப்பாவைச் சயாம் காட்டில் ஏன் கைவிட்டான்? கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டக் கோயில்களில் திருவிழா நாளில் கண்மூடி நிற்கும் முதியோர் சிலரின் நெஞ்சில் இக்கேள்வி இன்றும் கனன்று கொண்டுதான் இருக்கின்றது.

1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இரயில் பாதையை ஜப்பானியர் அமைத்தனர். அதற்காக மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். சிலர் ஆசை வார்த்தையை நம்பிச் சென்றனர். பலர் பலவந்தமாக ஏற்றப்பட்டனர். பசி, மலேரியா, வாந்திபேதி, பிரம்படி ஆகியவற்றால் பல்லாயிரவர் மாண்டனர். நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை.

'எல்லாம் அவரவர் முன்வினை' என்று கூறி இதனைக் கடந்து செல்வோர் உளர். வினையைச் சைவ சித்தாந்தம் மறுக்கவில்லை. ஆயினும் வினைக் கொள்கை தன்னைத் திருத்திக்கொள்ள உதவும் கண்ணாடியே தவிர, பிறர் துயரை அளக்கும் தராசு அன்று. மாண்டவர் மீது பழியைச் சுமத்தினால், பிரம்பெடுத்து அடித்தவன் ஆண்டவனின் ஏவலாளன் என்றாகிவிடும். அது தருமம் ஆகுமா? கொடுமையைச் செய்தவர் மனிதர், அப்பொறுப்பு அவர்களுடையதே.

ஆண்டவன் அதனைத் தடுத்திருக்கலாகாதா என்ற கேள்வி அப்போதும் எஞ்சி நிற்கின்றது. சுண்ணாம்புக் காளவாயிலிருந்து அப்பர் பெருமான் உயிருடன் மீண்டார் என்கிறது பெரியபுராணம். சயாம் காட்டில் அதே இறைவனை அழைத்தவர் பலர் மீளவில்லை. இதனை மறைத்துப் பேசுவது பக்தி ஆகாது.

பாற்கடலில் ஆலகாலம் எழுந்தபோது சிவபெருமான் செய்ததை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். நஞ்சு ஏன் தோன்றியது என அவர் விளக்கம் சொல்லிக் கொண்டிருக்கவில்லை. அதனைத் தாமே ஏந்தி உண்டார். அந்நஞ்சு மறைந்துவிடவும் இல்லை. அவர் கண்டத்தில் நீலமாய் நிலைத்துள்ளது. நாம் வணங்குவது துன்பத்துக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்க்கும் தெய்வத்தை அன்று. துன்பத்தைத் தன் மேனியில் தாங்கி நிற்கும் தெய்வத்தை. ஏன் என்ற கேள்விக்கு இது முழு விடை அன்று. ஆயினும் தனித்து விடப்படவில்லை என்னும் ஆறுதல் இதில் உண்டு.

அத்தெய்வத்தின் அடியார் பிறர் துயரில் பங்கு கொள்வதே முறை. ஆகவே இவ்வாண்டுத் திருவிழாவில் ஒவ்வொரு குடும்பமும் தன் முதியோரைக் கேட்டு, சயாமுக்குச் சென்று திரும்பாதவர்களின் பெயர்களை எழுதி வைத்தல் வேண்டும். உபயகாரப் பெருமக்கள் அவர்கள் நினைவாக ஒரு மோட்ச தீபமும் ஒரு வேளை அன்னதானமும் ஏற்றுச் செய்யலாம். பசியால் மாண்டவர் பெயரால் ஒருவருக்குப் பசியாற்றுவதினும் உயர்ந்த வழிபாடு வேறு யாது?