கையொலியும் கழிவிரக்கமும்

வென்றவனைப் போற்றுதல் எவர்க்கும் எளிது. முன்னொரு நாள் தாம் இகழ்ந்தவனைப் பின்னொரு நாள் போற்ற நேருங்கால், 'அன்று நாம் கூறியது பிழை' என்று ஒப்புக்கொண்டு போற்றுதல் சிலர்க்கே இயலும். ஆடுகளத்தைச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்தார்க்கோ அது மிகவும் அரிது. கூட்டத்திற்கு நாக்கு ஆயிரம் உண்டு. நினைவோ மிகச் சிறிது. நேற்று 'இவன் காலம் முடிந்தது' என்ற வாயே இன்று 'இவரன்றோ வீரர்' என்று ஆர்ப்பரிக்கும். நேற்றைய சொல்லுக்குக் கணக்குக் கேட்பார் ஒருவருமிலர். காற்பந்தாட்டத்தில் வயது முதிர்ந்த முன்னணி வீரரொருவர் மீண்டும் தலையெடுத்தபோது, அவரைப்பற்றிய தம் கருத்தை இரசிகர்கள் எவ்வாறு மாற்றிக்கொண்டனர் என்பதையும், அம்மாற்றத்துள் எது மதிக்கத்தக்கது என்பதையும் ஈண்டு ஆராய விரும்புகின்றோம். அவ்வீரர் இத்தாலி நாட்டினராகிய ஃபாபியோ குவாலியாரெல்லா.

கோலடித்தலையே தொழிலாகவுடைய முன்னணி வீரர்க்கு முப்பது வயது கடந்தால் இறங்குமுகம் என்பது பொதுக் கருத்து. காலின் விரைவு குறையும். காயம் ஆற நாளாகும். சங்கங்கள் இளையோரை நாடும். இவ்விதிக்கு விலக்கானோரும் உளர். 1990-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில், காமரூன் நாட்டு ரோஜர் மில்லா 38 வயதினராய் நான்கு கோல்கள் அடித்தார். இத்தாலியின் முதற்பிரிவில் 2014-15-ஆம் பருவம் முடிந்தபோது, 38 வயது நிறைந்த லூக்கா டோனி 22 கோல்களுடன் முதலிடத்தை மற்றொருவரோடு பகிர்ந்துகொண்டார். ஆயினும், விலக்கு விதியாகாது. ஆதலின், வயதேறிய வீரரை எவரும் ஐயத்தோடுதான் நோக்குவர்.

குவாலியாரெல்லா 1983-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் பிறந்தவர். 34 வயது வரை, முதற்பிரிவில் எந்தப் பருவத்திலும் அவர் 13 கோல்களுக்கு மேல் அடித்ததில்லை. பின்னர், ஜெனோவா நகரத்துச் சாம்ப்டோரியா சங்கத்திற்காக 2017-18-ஆம் பருவத்தில் 19 கோல்களும், அதற்கடுத்த பருவத்தில் 26 கோல்களும் அடித்தார். பின்னதில் நாடு முழுவதற்கும் முதல்வராய் நின்றார். பெரும்புகழ் படைத்த கிறிஸ்டியானோ ரொனால்டோ அப்பருவத்தில் அங்கு அடித்தவை 21. மேலும், தொடர்ந்து பதினோர் ஆட்டங்களில் கோலடித்து, கபிரியேல் பத்திஸ்தூத்தா 1994-95-ஆம் பருவத்தில் நாட்டிய சாதனையை 2019 ஜனவரியில் எட்டினார். எட்டாண்டுகட்கு மேலாக அவரை மறந்திருந்த தேசிய அணி மீண்டும் அழைத்தது. அவ்வாண்டு மார்ச்சு 26-ஆம் நாள் லீக்டென்ஸ்டைன் நாட்டிற்கெதிராக இரண்டு கோல்கள் அடித்து, இத்தாலி அணிக்காகக் கோலடித்தோருள் மூத்தவர் என்னும் பெயரை 36 வயதில் எய்தினார்.

இஃது எங்ஙனம் கூடிற்று? முதுமையில் புதிய கால்கள் முளைத்துவிடவில்லை. பயிற்றாசிரியர் மார்க்கோ ஜியாம்பாவோலோ வகுத்த அணியில் முன்னணியில் இருவரும், அவர்க்குப் பின்னே பந்தை அளிப்பவர் ஒருவரும் நின்றனர். ஆகவே, நெடுந்தொலை ஓடும் சுமை ஒருவர் மேலேயே விழவில்லை. பந்து எங்கு வந்து விழும் என்பதை முன்னுணரும் அறிவு ஓட்டத்தின் குறையை நிரப்பிற்று. அந்தரத்தில் வரும் பந்தைத் தரை தொடுமுன் உதைக்கும் திறனும், தொலைவிலிருந்து குறி தவறாமல் அனுப்பும் திறனும் அவரிடத்து இளமை தொட்டே இருந்தன. 2010-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் இத்தாலி ஸ்லோவாக்கியாவிடம் 3-2 எனத் தோற்றபோது, தொலைவிலிருந்தே காப்பாளர் தலைக்குமேல் பந்தை வளைத்து அவர் அடித்த கோலைக் கண்டோர் அதனை நன்கறிவர். எனவே, முதுமையில் வெளிப்பட்டது புதிய திறனன்று. பலகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய திறனே.

இதனை மறுப்பாரும் உண்டு. அக்கோல்களுள் பல பெனல்டி உதையால் வந்தவை என்பர். பத்திஸ்தூத்தாவின் சாதனையை எட்டிய ஆட்டத்தில் அடித்த இரண்டும், லீக்டென்ஸ்டைனுக்கெதிராக அடித்த இரண்டும் பெனல்டி உதைகளே என்பது உண்மை. ஆயினும், ஊரெல்லாம் உற்றுநோக்க, ஒரே உதையில் வெற்றியோ இகழ்ச்சியோ விளையும் நிலையில், கால் நடுங்காமல் நிற்பதும் ஓர் ஆற்றலேயாகும். அன்றியும், ஒருவர் பல பருவங்கள் உழைத்துப் பெற்ற பயனைப் பெனல்டி என்னும் ஒரு சொல்லால் தள்ளிவிடுதல் நேர்மையன்று.

இவ்வெண்களைக் கண்டபின் இத்தாலியெங்கும் இரசிகர் கருத்து மாறிற்று. மாறியதில் வியப்பில்லை. இருபத்தாறு என்பது எவர்க்கும் இருபத்தாறே. அதனை ஒப்புக்கொள்ள நெஞ்சில் ஈரம் வேண்டுவதில்லை. எண்ணத் தெரிந்தாற் போதும். நாம் மதிக்கும் மாற்றம் இதுவன்று. அது நிகழ்ந்த இடமும் வேறு, காலமும் வேறு.

2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் ஜெனோவாவில் சாம்ப்டோரியா நாப்போலியை 3-0 என வென்றது. அன்று, பக்கவாட்டிலிருந்து அந்தரத்தில் வந்த பந்தைக் குவாலியாரெல்லா தம் குதிகாலால் திருப்பிக் கோலாக்கினார். அவ்வாண்டின் மிகச் சிறந்த கோல்களுள் ஒன்றென உலகளவில் எண்ணப்பட்டது அது. அத்தகைய கோலை அடித்தவர் துள்ளிக் குதிக்கவில்லை. எதிரணியின் இரசிகரை நோக்கி மன்னிப்பு வேண்டுவார் போலக் கைகளை உயர்த்தினார். ஏன்? அதனை அறியப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

அவர் பிறந்த காஸ்தெல்லாம்மாரே தி ஸ்தாபியா, நேப்பிள்ஸ் வளைகுடாவின் கரையிலுள்ள ஊர். அப்பகுதிச் சிறுவர்க்கு நாப்போலி அணியின் உடையை அணிதலினும் உயர்ந்த பேறு வேறில்லை. 2009-ஆம் ஆண்டு உதினேசே சங்கத்தினின்று அவர் நாப்போலிக்கு வந்தபோது, ஊர் தன் மகனைத் தானே பெற்றதுபோல் மகிழ்ந்தது. ஒரு பருவம் ஆடினார். 11 கோல்கள் அடித்தார். 2010 ஆகஸ்டில் திடீரென்று டூரின் நகரத்து யுவெந்துஸ் சங்கத்திற்குச் சென்றார். நேப்பிள்ஸ் மக்கள் நெடுங்காலமாகப் பகைக்கும் சங்கம் அது. 'பொருளுக்காகத் தாயை விற்றவன்' என்பது போன்ற ஏச்சு ஊரெங்கும் எழுந்தது. துரோகி என்னும் பெயர் அவரைத் தொடர்ந்தது. பிறந்த ஊரில் அச்சமின்றி நடமாடுதலும் அரிதாயிற்று. அவரோ வாய் திறக்கவில்லை.

யுவெந்துஸ் அணியோடு மும்முறை நாட்டுப் பட்டம் பெற்றார். பின்னர் அந்நகரிலேயே மற்றொரு சங்கமாகிய தொரீனோவுக்கு ஆடினார். 2016 ஜனவரியில் நாப்போலிக்கெதிராகக் கோலடித்தபோது, நேப்பிள்ஸ் இரசிகரை நோக்கி மன்னிப்புக் கேட்கும் குறிப்புக் காட்டினார். இதனைக் கண்ட தொரீனோ இரசிகர் வெகுண்டனர். சில வாரங்களுள் அவர் அச்சங்கத்தை விட்டுச் சாம்ப்டோரியாவை அடைந்தார். விந்தை நோக்குமின்! ஓரூரார் 'நம்மிடத்து அன்பில்லாதவன்' என்று வெறுத்தனர். மற்றோரூரார் 'அவ்வூரிடத்து அன்புடையவன்' என்று வெறுத்தனர். ஒரே மனிதர், ஒரே நெஞ்சம், இருவகைக் குற்றச்சாட்டு.

உண்மை 2017-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. பல ஆண்டுகளாகப் பெயரில்லாக் கடிதங்கள் அவருக்கும், அவர் குடும்பத்தார்க்கும், நாப்போலி சங்கத்திற்கும் வந்துகொண்டிருந்தன. கமோர்ரா என்னும் கொடியோர் கூட்டத்தோடு உறவாடுபவர், போதைப்பொருளோடு தொடர்புடையவர் என்றெல்லாம் பொய்ப்பழிகள் அவற்றுள் நிறைந்திருந்தன. அவற்றை எழுதியவன், குடும்ப நண்பனைப்போல் நெருங்கி, 'குற்றவாளியைக் கண்டுபிடித்துத் தருவேன்' என்று உறுதி கூறிய காவலனே. காக்க வந்த கையே எழுதிய கை என்பதை அவர் தந்தையார் கண்டுணர்ந்தார். 2017 பெப்ரவரியில் நீதிமன்றம் அவனைக் குற்றவாளியெனத் தீர்த்து, நான்கு ஆண்டு எட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. இக்கடிதங்களின் விளைவாகவே தாம் நாப்போலியை விட்டகல நேர்ந்ததென்பதை அவர் அதன்பின்னரே வெளியிட்டார். வழக்கு நடைபெற்றமையால் அதுகாறும் வாளா இருந்தார். சொல்ல இயலாத துயரை நெஞ்சிலிட்டு, 'துரோகி' என்பாரைத் திரும்பிப் பாராமல் ஏழாண்டுகள் ஆடிய ஒருவரின் நிலையை எண்ணுமின். தொலைக்காட்சியாளர் முன் அவர் கண்ணீர் விட்டபோது, அதனைக் கண்ட நேப்பிள்ஸ் மக்கள் நாணினர்.

நாணியதோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு இடமில்லை. அவ்வாண்டு மார்ச்சு மாதம், நேப்பிள்ஸ் நகரத்துச் சான் பாவோலோ அரங்கில், வேறோர் அணியோடு நிகழ்ந்த ஆட்டத்தின்போது, இரசிகர் பெருந்துணியொன்றை விரித்துப் பிடித்தனர். அவர் பட்ட துன்பத்தையும், அதனிடையே அவர் காத்த பெருந்தன்மையையும் அதில் எழுதி, அவரை இந்நகரின் மகனென்று அழைத்து, மீண்டும் தழுவிக்கொள்வோம் என்று கூறியிருந்தனர். அவர் அன்று அவ்வரங்கில் இல்லை. அவரைக்கொண்டு அவர்கள் பெறக்கூடிய பயனும் ஒன்றுமில்லை.

காலத்தை ஈண்டு உற்றுநோக்க வேண்டும். இது நிகழ்ந்தது 2017 மார்ச்சில். அப்போது அவர்க்கு வயது 34. அப்பருவம் முழுவதிலும் அவர் அடித்தவை 12 கோல்களே. பத்தொன்பதும் இருபத்தாறும் இனித்தான் வரவிருந்தன. எனவே, நேப்பிள்ஸ் மக்கள் கருத்து மாறியது அவர் கோலடித்ததனாலன்று. தாம் தவறியதை அறிந்ததனால். இவ்வேறுபாட்டிலேயே நம் கருத்து முழுவதும் அடங்கியுள்ளது. கோலைக் கண்டு மாறுபவன் வீரனைப்பற்றிய தன் கணக்கைத் திருத்துகின்றான். தவற்றை உணர்ந்து மாறுபவன் தன்னைத் திருத்துகின்றான். முன்னது கையொலி, பின்னது கழிவிரக்கம். கையொலி அடுத்த தோல்வியில் ஓயும். கழிவிரக்கம் நிலைத்து நிற்கும்.

'இரசிகர்க்குச் சினங்கொள்ள உரிமையில்லையோ? பொருள் கொடுத்தும், மழையில் நனைந்தும், நெஞ்சைக் கொடுத்தும் காண்பவர் அவரல்லரோ?' என்று சிலர் வினவலாம். உரிமை உண்டு. ஆட்டத்தை மதிப்பிடும் உரிமை அது. பந்தைத் தவறவிட்டான் என்னலாம்; ஓடவில்லை என்னலாம்; வயது சென்றது என்றுகூடக் கூறலாம். இவை கண்ணுக்குத் தெரிவன. நாளை பொய்த்தால் சிரித்து விடுக்கத்தக்கன. ஆனால், 'நன்றி கெட்டவன்', 'துரோகி' என்பன ஆட்டத்தைப் பற்றியனவல்ல, நெஞ்சத்தைப் பற்றியன. அரங்கின் இருக்கையிலிருந்து நெஞ்சத்தைக் காண இயலாது. காணாததைக் கண்டதாகக் கூறிய நேப்பிள்ஸ் மக்கள், அறியாமையால் கூறினர் என்பது மெய்யே. ஆயினும் அறியாமை பிழையைச் சிறிதாக்குமேயன்றி இல்லையாக்காது. அவர்கள் தீட்டிய துணி, அதனை உணர்ந்தார் என்பதற்குச் சான்று.

அவ்வுணர்ச்சி நிலைத்ததோ என்பதற்கும் சான்று உண்டு. பதினோர் ஆட்டங்கள் தொடர்ந்த அவரது கோல்வரிசை பன்னிரண்டாம் ஆட்டத்தில் அறுந்தது. அறுந்த இடம் நேப்பிள்ஸே. விதியின் விளையாட்டு அது போலும்! பின்னர் ஆண்டுகள் சென்றன, கோல்கள் குறைந்தன. 2022-23-ஆம் பருவத்தில் சாம்ப்டோரியா கீழ்ப்பிரிவிற்கு இறங்கிற்று. அப்பருவத்தின் இறுதி ஆட்டம் 2023 ஜூன் 4-ஆம் நாள் நேப்பிள்ஸில் நடைபெற்றது. சான் பாவோலோ அரங்கம் அப்போது மாரடோனாவின் பெயரைத் தாங்கியிருந்தது. அன்று நாப்போலி நாட்டுப் பட்டம் வென்ற களிப்பில் இருந்தது. 2-0 என அவ்வாட்டத்தையும் வென்றது. 40 வயதினரான குவாலியாரெல்லா கோலொன்றும் அடித்திலர். அவர் களத்தை விட்டு வெளியேறியபோது, தம் விழாவை மறந்து அரங்கத்தார் எழுந்து நின்று கைகொட்டினர். அவர் கண்ணீரோடு சென்றார். தோற்ற அணியின் வீரர்க்கு, கோலடியாத முதியவர்க்கு, வென்ற ஊர் செய்த மரியாதை அது. அதுவே அவர் இறுதியாக ஆடிய ஆட்டமுமாயிற்று. 26 கோல்களுக்காகக் கிடைத்த புகழினும் இஃது உயர்ந்ததென்பது நம் துணிபு.

மாணவ நண்பர்காள்! நாமும் மாலைதோறும் மைதானத்தின் ஓரத்தில் நின்று கூவுகின்றோம். இவன் பயனற்றவன், அவன் தன்னலக்காரன் என்று எளிதாகப் பெயரிடுகின்றோம். அவன் மறுவாரம் கோலடித்தால் தோளில் தூக்குகின்றோம். இடையில் நாம் சொன்னதை மட்டும் மறந்துவிடுகின்றோம். இனி நம்முள் ஒருவனைத் தவறாக மதித்தோம் என்று அறிந்தால், அவன் வெற்றி பெறும் நாள் வரை காத்திருத்தல் வேண்டா. அவன் தோற்று நிற்கும்போதே சென்று, நம் சொல்லைத் திரும்பப் பெறுவோமாக.