சீட்டெண்ணிக் கசினோவை வெல்லலாமா?

பிளாக்ஜாக் மேசையில் விழுந்த சீட்டுகளைக் கணக்கு வைக்கத் தெரிந்தவருக்குக் கசினோ இன்றும் வருமானம் தரும் என்ற கருத்து பரவலாக உண்டு. 2008 இல் வெளியான '21' என்ற ஹொலிவூட் படம் அதற்கு வலுச்சேர்த்தது. 2025 ஓகஸ்டில் கொழும்பில் சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் கசினோ திறக்கப்பட்டபின் அந்தப் பேச்சுக்கு இலங்கையிலும் புதிய காரணம் கிடைத்தது. பதுளையிலோ பண்டாரவளையிலோ கசினோ கிடையாது. ஊவாத் தோட்டத்து இளைஞர் ஒருவர் இதை நம்பினால் ஏறக்குறைய 290 கிலோமீற்றர் ரயிலில் போகவேண்டும். போவதற்கு முன் இக்கருத்தின் ஒவ்வொரு கூறையும் தோட்டச் சம்பளத்தை அளவுகோலாக வைத்துப் பார்ப்பது நல்லது.

"கணக்கு நிரூபிக்கப்பட்டது."

இது உண்மை. எட்வர்ட் தோர்ப் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1962 இல் வெளியிட்ட நூலில் இதை நிறுவினார். பரவலாகப் பயன்படும் முறையில் 2 முதல் 6 வரையான சீட்டு ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூட்டப்படும். பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் ஆகியவற்றுக்கு ஒன்று கழிக்கப்படும். 7, 8, 9 கணக்கில் சேரா. 5, ராஜா, 3, 6, ஏஸ், 9 என்று விழுந்தால் எண்ணிக்கை கூட்டல் ஒன்று. அதை, இன்னும் ஆடப்படாமல் மிஞ்சியுள்ள கட்டுகளின் எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். எண்ணிக்கை எட்டாகவும் மிச்சம் நான்கு கட்டாகவும் இருந்தால் விடை இரண்டு. விடை ஒன்று ஏறும்போது ஆடுபவரின் நிலை ஏறக்குறைய அரை வீதம் மேம்படும். பிழையின்றி ஆடினாலும் தொடக்கத்தில் கசினோவுக்கு அரை வீதம் சாதகம் இருப்பதால், விடை இரண்டைத் தொட்டால்தான் ஆடுபவர் பக்கம் அரை வீதம் வரும். கணிதம் சரி, அது கேட்கும் மேசை இன்று கிடைக்கிறதா என்பதே கேள்வி.

"முந்நூற்று நாலு ஆடிப் பழகிய மூளைக்கு இது பெரிய காரியமல்ல."

முந்நூற்று நாலு சீட்டாட்டத்தில் 32 சீட்டுகளும் நால்வர் கையில் பிரிந்துவிடும். ஆறு சுற்று முடிந்தால் மிச்சம் எட்டுச் சீட்டு. ஞாபகசாலிக்கு எது யாரிடம் என்று கிட்டத்தட்ட தெரிந்துவிடும். பிளாக்ஜாக்கில் பொதுவாக ஆறு கட்டு, அதாவது 312 சீட்டு, அல்லது எட்டுக் கட்டு, அதாவது 416 சீட்டு கலந்திருக்கும். அவற்றில் ஒரு பகுதி ஆடப்படாமலே மறுபடி கலக்கப்படும். தொடர்ந்து கலக்கும் இயந்திரம் வைத்த மேசையில் ஆடி முடிந்த சீட்டு உடனே உள்ளே போய்விடுவதால் எண்ணிக்கைக்குப் பொருளே இல்லை. எதிரே இருப்பவரும் வேறு வகை. முந்நூற்று நாலில் எதிராளி பிழைவிடுவார், மனம் மாறுவார். கசினோவில் சீட்டுப் போடுபவர் எழுதிவைத்த விதியின்படி மட்டுமே ஆடுவார்.

"பிளாக்ஜாக்குக்கு ஒன்றரை மடங்கு கிடைக்குமே."

பழைய விதிப்படி 100 ரூபா கட்டியவருக்கு ஏஸும் பத்தும் சேர்ந்தால் 150 கிடைக்கும். பல நாட்டுக் கசினோக்களில் இப்போது 120 தரும் மேசைகள் பெருகியுள்ளன. அந்தச் சீட்டு ஏறக்குறைய 21 ஆட்டத்துக்கு ஒருமுறை வருவதால், இந்த ஒரு மாற்றமே கசினோவின் சாதகத்தை ஏறக்குறைய 1.4 வீதம் கூட்டிவிடும். எண்ணுபவர் பாடுபட்டுத் தேடும் இலாபம் ஒன்று முதல் ஒன்றரை வீதத்துக்குள்தான்.

"ஒரு வீதம் போதும், ஆடிக்கொண்டே இருந்தால் சேரும்."

ஆட்டத்துக்கு 1,000 ரூபா கட்டி, சராசரியாக ஒரு வீதம் சாதகத்துடன் 1,000 ஆட்டம் ஆடுவதாக வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 70 ஆட்டமென்றால் இது 14 மணி நேர வேலை. எதிர்பார்க்கத்தக்க இலாபம் 10,000 ரூபா. ஆனால் அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 36,000 ரூபா. எல்லாவற்றையும் சரியாகச் செய்தவரும் முடிவில் நட்டத்தோடு எழும் வாய்ப்பு பத்துக்கு நான்கு. அதைத் தாங்க 500 பந்தயத்துக்கான பணமாவது, அதாவது 5 இலட்சம் ரூபா, கையில் வேண்டும். 2024 இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் 5 இலட்சம் என்பது 370 நாள் முழுச் சம்பளம். அந்தப் பணத்தை நகை அடகு வைத்துப் புரட்டினால், மாதாமாத வட்டி 10,000 ரூபா இலாபத்தைத் தின்றுவிடும்.

"உள்ளே போகச் செலவில்லை."

கசினோவுக்குள் நுழையும் இலங்கையருக்கான நுழைவு வரி 2025 இல் 50 டொலரிலிருந்து 100 டொலராக உயர்த்தப்பட்டது. 100 டொலர் சுமார் 30,000 ரூபா. அதே தோட்டக் கணக்கில் 22 நாள் சம்பளம். மேலே சொன்ன 1,000 ஆட்டத்து இலாபம் முழுவதும் கைக்கு வந்தாலும், ஒருமுறை வாசலைத் தாண்டிய செலவில் மூன்றில் ஒன்றையே அது ஈடுசெய்யும்.

"எண்ணுவது குற்றமல்ல, தடுக்க முடியாது."

மனக்கணக்கு குற்றமல்ல என்பது சரி. அதனால் ஆடும் உரிமை கிடைத்துவிடாது. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில உயர்நீதிமன்றம் 1982 இல் கென் யூஸ்டன் என்ற சீட்டெண்ணுபவரின் வழக்கில், எண்ணுபவர் என்பதற்காக ஒருவரை வெளியேற்றும் உரிமை கசினோவுக்கு இல்லை எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் அங்குள்ள கசினோக்கள் ஆட்களை விட்டுவிட்டு, கட்டுகளைக் கூட்டியும் அடிக்கடி கலக்கியும் ஆட்டத்தையே இறுக்கின. நெவாடாவில் இன்றும் எண்ணுபவரை வெளியே அனுப்பலாம். எண்ணிக்கை ஏறும்போது பந்தயத்தை உயர்த்தாமல் இலாபமில்லை. உயர்த்தினால் மேலே இருக்கும் கமராவுக்கு அடையாளம் கிடைத்துவிடும்.

"கொழும்புக்கே போகவேண்டாம், கைபேசி போதும்."

தோட்டத்து லயத்துக்கும் எட்டக்கூடிய வழி இதுதான் என்பதால் ஆபத்தும் இதில்தான் அதிகம். மென்பொருள் சீட்டுப் போடும் ஆட்டங்களில் வழக்கமாக ஒவ்வொரு கைக்கும் கட்டு புதிதாகக் கலக்கப்படுகிறது. எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சாது. நேரடிக் காட்சியில் ஆளே சீட்டுப் போடும் மேசைகளில் பெரும்பாலும் எட்டுக் கட்டு. ஏறக்குறைய பாதியிலேயே மறுபடி கலக்கிவிடுவார்கள்.

எனவே சீட்டெண்ணுதல் பொய்யல்ல. ஆழமாக ஆடப்படும் கட்டு, ஒன்றரை மடங்கு தரும் மேசை, நட்டத்தைத் தாங்கும் பெருந்தொகை, நுழைவு வரி இல்லாமை, கண்டுகொள்ளாத நிர்வாகம் ஆகிய ஐந்தும் ஒருங்கே அமைந்தால் இன்றும் பயன் தரும். நாட்சம்பளத்தில் வாழும் இலங்கையருக்கு மூன்றாவதும் நான்காவதும் தொடக்கத்திலேயே இல்லை.