தொழிற் பரீட்சையும் முழு வேலையும்

செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் உள்ள கிராமங்களில் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் இன்று தொழிற்சாலை வேலையை நாடுகின்றனர் என்பது யாவரும் அறிந்த விஷயம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் ஆண்டில் ஹூண்டாய் மோட்டார் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் கார்த் தொழிற்சாலையும், 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் ஏற்பட்டன. நிலத்தை விட்டகன்ற பிள்ளைக்கு ஆதாரமாய் நிற்பது ஒரு சான்றிதழே. அது எதைச் சோதித்து அளிக்கப்படுகிறது என்பதில் குடியானவர்களுக்கு அக்கறை இருத்தல் நியாயமே.

ஒரகடம் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் 2023-ம் ஆண்டு ஜூலை மாதம் புதிய தொழில்நுட்ப மையம் திறக்கப்பட்டது. டாடா டெக்னாலஜிஸ் கம்பெனியாரின் துணையுடன் மாகாணத்தில் 71 நிலையங்களைச் சீர்திருத்தும் திட்டத்தைச் சேர்ந்தது அது. யந்திரங்கள் வந்தாயின. பரீட்சை முறையும் அவற்றிற்கு ஈடாக முன்னேறுதல் வேண்டுமன்றோ?

தற்காலப் பாடத்திட்டங்களின்படி, பயிற்சிக் காலம் முழுவதும் ஆசிரியர் இடுகின்ற மதிப்பும், முடிவில் அகில இந்தியத் தொழிற் பரீட்சையும் உண்டு. செய்முறையில் நூற்றுக்கு 60-ம், ஏனைய பாடங்களில் 33-ம் பெறவேண்டும். கூட்டுழைப்பு, பொருளை வீணாக்காமை முதலிய குணங்களும் மதிக்கப்படவேண்டுமென்று அவற்றில் எழுதியிருக்கிறது. விதியில் குறையொன்றும் அதிகமில்லை. ஆனால் அராவுதல் ஒரு நாள், அளத்தல் ஒரு நாள், பத்திரம் பேணுதல் வேறொரு நாள் என்று வேலையைத் துண்டு துண்டாக்கிச் சோதித்தால், துண்டுகளில் தேறியவன் முழு வேலையில் தடுமாறுவான். நாற்றுப் பறிக்கத் தெரிந்தவன், வரப்பு வெட்டத் தெரிந்தவன் என்று தனித்தனியே எழுதி வைத்துக்கொண்டு, அவனிடம் ஒரு போகத்தை ஒப்படைக்க எந்த மிராசுதாரர் துணிவார்?

விவசாயிகளுக்கு நெருங்கிய உதாரணம் டிராக்டர் மெக்கானிக் பயிற்சியாகும். பல நாள் நின்றுபோன டிராக்டர் ஒன்று ஸ்டார்ட் ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். மாணவன் முதலில் சொந்தக்காரரை விசாரிக்கவேண்டும். சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, பாட்டரியையும் டீஸல் தொட்டியையும் பார்க்கவேண்டும். பில்டரைக் கழற்றித் துடைத்து, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, என்ஜினை ஓட்டிக் காட்டவேண்டும். பின்பு ஆன செலவைக் கணக்கிட்டு எழுதி, இனி எவ்விதம் பேணுவதென்று சொந்தக்காரருக்குத் தெளிவாகச் சொல்லவேண்டும். பாடத்திட்டத்தின் ஏழெட்டுப் பகுதிகள் இந்த ஒரே வேலையில் அடங்கிவிடுகின்றன. பரீட்சகருக்கும் ஒரே செய்தியைப் பலமுறை சோதிக்கும் சிரமம் மிச்சம்.

இதற்கு முன்யோசனை மிக அவசியம். பாடத்தின் பகுதிகளை ஒரு பக்கமும், உண்மையான வேலைகளை மறுபக்கமும் எழுதி, எந்த வேலையில் எந்தப் பகுதி வெளிப்படும் என்று அட்டவணை போடவேண்டும். எந்த வேலையிலும் வெளிப்படாத பகுதிகள் சில மிஞ்சும். தீயணைக்கும் கருவியை உபயோகித்தல் அவ்வகையானது. அதைத் தனியே சோதிக்கவேண்டியதுதான். எது எதிர்பார்க்கப்படுகிறதென்பதை மாணவனுக்கு முன்கூட்டியே தெரிவித்தல் நலம்.

இம்முறையில் அபாயமும் உண்டு. வேலையை முழுமையாகப் பார்க்கிறோமென்று சொல்லி, பையன் கெட்டிக்காரன் என்ற பொது அபிப்பிராயத்தால் மதிப்பிடுதல் கூடாது. வேலை ஒன்றானாலும் குறிப்பேட்டில் பகுதிகள் தனித்தனியே பதியப்படவேண்டும். செலவுக் கணக்கில் தவறியவன் அதை மட்டும் மறுபடி செய்துகாட்டினால் போதும். ஆனால் அண்டை கொடுக்காமல் டிராக்டருக்கு அடியில் புகுந்தவனை, மற்றதெல்லாம் சரியாயிருப்பினும் அன்று தேறியவனாகக் கொள்ளலாகாது.

ஜெர்மனி தேசத்தில் உலோக, மின்சாரத் தொழில்கள் சிலவற்றில், மாணவன் தன் தொழிற்சாலையிலேயே உண்மையான வேலையொன்றை ஏற்று முடித்து, அதைப்பற்றிப் பரீட்சைச் சபையாருடன் பேசும் முறை ஒன்று அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அத்தனை தொழிற்சாலைகள் அருகிலேயே இருக்கும் ஒரகடத்தில் இதனைப் பரீட்சார்த்தமாக நடத்திப் பார்ப்பதற்குத் தடை யாது? 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ்ப் பயிற்சி பெறுவோரிடமிருந்தே ஆரம்பிக்கலாம். தொழிற்சாலையார் ஒருவரும் நிலையத்தின் ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து மதிப்பிடுவது உசிதம். தனக்குக் கீழே வேலை செய்பவனைத் தானே ஒருவர் மதிப்பிட்டால் சந்தேகத்துக்கு இடமாகும்.

நிற்க. ஒரு மாணவனுக்கு மூன்று மணி வீதம் இருபது பேருக்கு 60 மணி ஆகும். இதைப் பரீட்சை நாளில் செய்வது அசாத்தியம். வருஷ முழுவதும் பங்கிட்டு, வகுப்பு வேலையோடு வேலையாகவே நடத்தவேண்டும். அதற்கு ஆசிரியருடைய எழுத்து வேலையைக் குறைத்து, அட்டவணையைப் பயிற்சி வருஷம் பிறக்கு முன்பே அவர் கையில் சேர்ப்பிக்கவேண்டும். பட்டறைக்குப் பழுதான டிராக்டரோ பம்புசெட்டோ இரவல் கொடுக்க அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் முன்வருவார்களாயின், மாணவர்களுக்கு உண்மையான வேலைக்குப் பஞ்சமிராது.